லண்டனில் டியூப், பஸ், ரயில்: ஊரிலிருந்து வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

லண்டனுக்கு விமான டிக்கெட் போட்ட அன்றே எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பெரியப்பா, கல்லூரி நண்பன், நண்பனின் மாமனார் என்று கேட்பவர்தான் மாறுவார்; கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிக் கை ஓய்ந்துபோனதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இங்கே தந்திருக்கும் கட்டணங்கள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தவை. பெரும்பாலும் மார்ச் மாதத்தில்தான் கட்டணத்தை மாற்றுவார்கள், அதனால் நீங்கள் வரும்போது கொஞ்சம் கூடியிருக்கலாம்.

வந்து இறங்கியதும் முதலில் என்ன டிக்கெட் வாங்க வேண்டும்?

ஒன்றும் வாங்க வேண்டாம். வைஃபை அடையாளம் சாய்ந்து கிடப்பதுபோல ஒரு சின்னம் உங்கள் வங்கிக் கார்டில் இருக்கும். அது இருந்தால் அந்தக் கார்டுதான் டிக்கெட். நிலைய வாசலில் மஞ்சள் வட்டம் ஒன்று இருக்கும். கார்டை அதன் மேல் வைத்தால் கதவு திறக்கும். இறங்கும் நிலையத்திலும் அதேபோல வைத்துவிட்டு வெளியே வரலாம். எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்பதை வைத்துக் கட்டணத்தை அவர்களே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

இயந்திரத்தில் காசு போட்டுக் காகித டிக்கெட் வாங்குபவர்களை இன்றும் பார்க்கிறேன். நகரின் நடுப்பகுதியான முதல் ஸோனுக்குள், டியூப் எனப்படும் சுரங்க ரயிலில் ஒரு பயணத்துக்குக் காகித டிக்கெட் 7 பவுண்டு. அதே பயணத்தைக் கார்டில் செய்தால் நெரிசல் இல்லாத நேரத்தில் 2.80, நெரிசல் நேரத்தில் 2.90. பார்க்கவே வயிறு எரிகிறது.

இந்திய வங்கிக் கார்டு வேலை செய்யுமா?

விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் என்றால் செய்யும். ரூபே கார்டு ஆகாது, யுபிஐயும் ஆகாது.

பலர் தடுமாறும் இடம் வேறு. ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும், தட்டிப் பணம் கட்டும் கான்டாக்ட்லெஸ் வசதியும் நீங்களாகத் திறந்துவிடும்வரை மூடியே இருக்கும். வங்கியின் ஆப்பில் இரண்டு பொத்தான்களை நகர்த்தினால் முடிந்தது. ஆனால் ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்கு வரும். அந்த சிம் இங்கே வேலை செய்யாவிட்டால் ஹீத்ரோ விமான நிலையத்தில் நின்று முழிக்க வேண்டியதுதான். கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம் பிடிக்கும் வங்கிகள் உண்டு. பவுண்டு ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், கான்டாக்ட்லெஸ் சின்னம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல்முறை தட்டியதும் 10 பென்ஸ் போல ஒரு சின்னத் தொகைக்கு எஸ்எம்எஸ் வரும். பயப்படாதீர்கள், கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அன்றைய பயணங்களையெல்லாம் கூட்டி உண்மையான தொகையைப் பிறகுதான் எடுப்பார்கள்.

நாங்கள் நாலு பேர். ஒரே கார்டை மாற்றி மாற்றித் தட்டலாமா?

கூடாது. பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கார்டு வேண்டும். நீங்கள் தட்டி உள்ளே போய்விட்டு, கார்டை மனைவியிடம் பின்னால் நீட்டினால் அவருக்குக் கதவு திறக்காது. பஸ்ஸில் ஏறும்போது தட்டிவிட்டு அதையே அடுத்தவருக்குத் தட்டினாலும் ஏற்காது. அம்மா, அப்பா இருவருக்கும் ஜாயின்ட் அக்கவுண்ட் இருந்தாலும் பரவாயில்லை. கார்டு எண் வேறாக இருந்தால் சரி.

கார்டு, போன், கைக்கடிகாரம் எல்லாம் ஒன்றுதானே? அவசரத்துக்கு எது கையில் வருகிறதோ அதைத் தட்டலாமா?

இங்கேதான் வழக்கமாகக் காசு போகும். ஒரே வங்கிக் கணக்கு, ஒரே கார்டு என்றாலும் போனில் ஏற்றும்போது அதற்கென்று தனி எண் உருவாகிவிடும். கடிகாரத்துக்கு வேறொரு எண். தட்டும் கருவியைப் பொறுத்தவரை அவை மூன்று தனித்தனி ஆட்கள்.

சிங்கப்பூரிலிருந்து வந்த என் சித்தி மகன் கிரீன் பார்க் நிலையத்தில் போனைத் தட்டி உள்ளே போனான். இறங்கும்போது இரண்டு கையிலும் பை, அதனால் கடிகாரத்தைக் காட்டி வெளியே வந்துவிட்டான். போனின் கணக்கில் அது ஏறி இறங்காத பயணம்; கடிகாரத்தின் கணக்கில் ஏறாமலே இறங்கிய பயணம். இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிட்டார்கள். இணையத்தில் கணக்குத் திறந்து நடந்ததைச் சொல்லித் திரும்ப வாங்கினோம், ஆனால் ஒரு சாயங்காலம் அதிலேயே போனது. போன் என்றால் கடைசி நாள்வரை போன், கார்டு என்றால் கார்டு. போனில் சார்ஜ் தீர்ந்தால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள் என்பதால் எனக்குப் பிடித்தது கார்டுதான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும்?

தட்டிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்குமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. லண்டனை வெங்காயத்தை வெட்டியதுபோல வட்டம் வட்டமாக ஸோன்களாகப் பிரித்திருக்கிறார்கள். சுற்றுலா வருபவர் பார்க்க நினைக்கும் இடங்களில் பெரும்பகுதி முதல் இரண்டு ஸோன்களுக்குள் அடங்கிவிடும். அங்கே ஒரு நாள் வரம்பு 8.90 பவுண்டு. நெரிசல் இல்லாத நேரத்தில் முதல் ஸோனுக்குள் மூன்று டியூப் பயணம் 8.40 ஆகும். நாலாவதுக்கு 50 பென்ஸ்தான் பிடிப்பார்கள். ஐந்தாவதிலிருந்து இலவசம், நடுவில் ஏறும் பஸ்ஸும் அதில் சேர்த்தி. ஆறாவது ஸோன்வரை சுற்றினால் வரம்பு 16.30.

பஸ்ஸில் மட்டும் சுற்றுகிறீர்களா? ஒரு பயணம் 1.75, ஒரு நாள் வரம்பு 5.25. முதல்முறை தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அந்த 1.75தான்.

வார வரம்பும் உண்டு, முதல் இரண்டு ஸோன்களுக்கு 44.70. ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரை என்றுதான் கணக்கு. வியாழக்கிழமை வந்து அடுத்த புதன்கிழமை கிளம்புபவருக்கு அந்த வரம்பால் பெரிய பயன் இல்லை.

நெரிசல் நேரம் என்பது வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரை, மாலை 4 முதல் 7 வரை. காசைவிட, அந்த நேரத்தில் குழந்தையையும் பையையும் தூக்கிக்கொண்டு டியூபில் ஏறுவது தாம்பரம் மின்சார ரயிலில் ஆபீஸ் நேரத்தில் ஏறுவதுபோல. காலை இட்லியை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்குக் கிளம்புங்கள்.

அப்படியானால் ஆய்ஸ்டர் கார்டு எதற்கு?

2003இல் வந்த நீலக் கார்டு அது. முன்பணம் போட்டுத் தட்ட வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணமும் வரம்பும் பெரும்பாலும் வங்கிக் கார்டில் உள்ளதுதான், ஆனால் கார்டுக்கென்று கொடுக்கும் தொகை திரும்பி வராது. கான்டாக்ட்லெஸ் கார்டு இல்லாதவர்களுக்கும் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கும் மட்டும் வாங்குங்கள். பிள்ளையை நிலையத்துக்குக் கூட்டிப்போய் அங்குள்ள ஊழியரிடம் 'யங் விசிட்டர்' தள்ளுபடி கேட்டால், ஆய்ஸ்டரில் பதிந்து தருவார். 14 நாட்கள் வரை பாதிக் கட்டணம். 11 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் பஸ்ஸில் இலவசம். டியூப், எலிசபெத் பாதை என்ற ரயில் போன்றவற்றில் கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவரோடு நாலு குழந்தைகள் வரை இலவசமாகப் போகலாம். அகலமான கதவு வழியாகக் கூட்டிப்போங்கள்.

ஹீத்ரோவிலிருந்து ஊருக்குள் எப்படி வருவது?

மூன்று வழிகள். பிக்கடிலி டியூப் 5.80 பவுண்டு, நடுநகருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலிசபெத் பாதை 13.90, அரை மணியை ஒட்டி வந்துவிடும். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் பேடிங்டனுக்குக் கால் மணி நேரத்தில் போகும், ஆனால் அங்கேயே போய் டிக்கெட் எடுத்தால் 25 பவுண்டு. பேடிங்டனில் இறங்கி அங்கிருந்து இன்னொரு ரயில் பிடிக்க வேண்டும் என்பதை விளம்பரம் பெரிதாகச் சொல்லாது. அவசரமாக நேர்காணலுக்கு ஓடுபவரைத் தவிர வேறு யாருக்கும் நான் அதைச் சொல்வதில்லை.

பத்து மணி நேரம் பறந்து, ஆளுக்கு இரண்டு பெட்டியும் ஊறுகாய்ப் பாட்டிலுமாக வருபவர்களுக்கு என் ஓட்டு எலிசபெத் பாதைக்குத்தான். 2022 மே மாதம் திறந்தது; பெட்டிகள் அகலம், ஏசி உண்டு, எல்லா நிலையத்திலும் படி ஏறாமல் தெருவுக்கு வரலாம். பிக்கடிலி பாதையின் சுரங்கம் குறுகியது, ரயிலும் சின்னது. நடுநகரில் பல நிலையங்களில் பெட்டியோடு படி ஏற வேண்டியிருக்கும். இளைஞர், முதுகுப்பை மட்டும்தான் என்றால் பிக்கடிலியே போதும். கிளம்பும் இடத்திலேயே ஏறுவதால் உட்கார இடமும் கிடைக்கும்.

கேட்விக் விமான நிலையத்தில் இறங்கினால் அங்கும் கார்டைத் தட்டலாம். லூட்டன் விமான நிலைய ரயிலில் வங்கிக் கார்டு செல்லும், ஆய்ஸ்டர் செல்லாது.

டியூப் வரைபடம் பார்த்தால் தலை சுற்றுகிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எப்படித் தெரியும்?

நிறத்தையும் கடைசி நிலையத்தின் பெயரையும் பிடித்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்துக்குப் பிரியும் இடத்தில் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று எழுதி, அந்தப் பக்கம் வரும் நிலையங்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். உங்கள் நிலையம் எந்தப் பட்டியலில் இருக்கிறதோ அந்தப் பக்கம். கறுப்பு நிற நார்தர்ன் பாதையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். நடுநகரில் அது பேங்க் வழி, சேரிங் கிராஸ் வழி என்று இரண்டாகப் பிரிந்து போகும். ரயிலின் நெற்றியில் உள்ள பெயரைப் பார்க்காமல் ஏறினால் வேறெங்கோ போய் நிற்பீர்கள்.

அப்புறம் ஒரு விஷயம். அந்த வரைபடம் நிலத்தின் படம் இல்லை. ஹாரி பெக் என்ற வரைபடக் கலைஞர் 1931இல் மின்சுற்றுப் படம்போல நேர்க்கோடுகளாக வரைந்து, 1933இல் அச்சாகி வெளிவந்த யோசனை அது. ரயில் மாறுவதற்கு அதைவிட நல்ல படம் இல்லை. தூரத்தை அளக்க அதைவிட மோசமான படமும் இல்லை. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவன்ட் கார்டனுக்குச் சுமார் முந்நூறு மீட்டர்தான். அதற்காக டியூபில் இறங்கி ஏறுபவர்கள் ஏராளம். கோவன்ட் கார்டனில் லிப்டுக்கு வரிசை நிற்கிறதே என்று படியில் ஏறத் தொடங்கினால் 193 படிகள், பழனி மலையில் பாதி ஏறியதுபோல மூச்சு வாங்கும். குவீன்ஸ்வேயும் பேஸ்வாட்டரும் வரைபடத்தில் வெவ்வேறு நிறப் பாதைகளில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல இருக்கும். உண்மையில் இரண்டும் ஒரே தெருவில், கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. நடுநகரில் ஒன்றிரண்டு நிலைய தூரம் என்றால் டியூபில் இறங்கும் முன்பு போனில் நடைத் தூரத்தைப் பாருங்கள்.

பஸ்ஸா டியூபா?

தூரமாகப் போகும்போது டியூப். ஊர் பார்க்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்றால் பஸ். சுற்றுலாப் பேருந்துக்கு ஆளுக்கு முப்பது நாற்பது பவுண்டு கொடுப்பதற்கு முன்னால், 1.75க்கு ஒரு சிவப்பு டபுள் டெக்கரில் ஏறி மாடியில் முன் வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். 15ஆம் எண் பஸ் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து செயின்ட் பால்ஸ் தேவாலயம் வழியாக லண்டன் கோபுரம் பக்கம் போகும். 9ஆம் எண் ஹைட் பார்க் மூலையையும் ராயல் ஆல்பர்ட் ஹாலையும் காட்டும். 24ஆம் எண் ஹாம்ஸ்டெட் ஹீத்திலிருந்து கேம்டன், டிரஃபால்கர் சதுக்கம், நாடாளுமன்றம் என்று வடக்கிலிருந்து தெற்காக ஊரையே குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். எங்கள் வீட்டுக்கு வருபவர்களை முதல் நாள் நான் அதில்தான் ஏற்றிவிடுவேன். தூக்கக் கலக்கத்தோடு நடக்க வேண்டியதில்லை, ஊரும் தெரிந்துவிடும்.

பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள், 2014 ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள். கண்டக்டர் கிடையாது. முன் வாசலில் ஏறி, ஓட்டுநர் பக்கத்தில் தட்டுங்கள். நடு வாசலில் இறங்குங்கள். இறங்கும்போது தட்டக் கூடாது, அது டியூப் பழக்கம். பஸ் வரும்போது கை காட்டுங்கள், சும்மா நின்றால் சில ஓட்டுநர்கள் நிறுத்தாமல் போய்விடுவார்கள். ஒரே பெயரில் நாலைந்து நிறுத்தங்கள் இருக்கும். கம்பத்தின் உச்சியில் உள்ள எழுத்தைப் பார்த்து உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த நிறுத்தத்தின் பெயர் உள்ளே திரையிலும் வரும், குரலிலும் சொல்லும். அதனால் "எறங்குற எடம் வந்தா சொல்லுங்க" என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அம்மாவுக்கு முட்டி வலி. டியூப் சரிப்படுமா?

கொஞ்சம் திட்டமிட்டால் சரிப்படும். டியூபின் முதல் பாதை 1863 ஜனவரி 10 அன்று பேடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே திறந்தது. அந்தக் காலத்து நிலையங்களில் லிப்ட் போடுவது இன்றும் பெரும்பாடு. மொத்தமுள்ள 272 டியூப் நிலையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் படி இல்லாமல் போய்வர முடியும். எஸ்கலேட்டர் இருக்கிறதே என்று நம்பி இறங்கினால், அது முடிந்த இடத்தில் பதினைந்து படி காத்திருக்கும்.

வரைபடத்தில் சக்கர நாற்காலிச் சின்னத்தைத் தேடுங்கள். நீல வட்டத்தில் இருந்தால் தெருவிலிருந்து ரயில் பெட்டிவரை படி இல்லை. வெள்ளை வட்டத்தில் இருந்தால் பிளாட்பாரம் வரைதான். பெட்டிக்குள் கால் வைக்க உயரமோ இடைவெளியோ இருக்கலாம். எலிசபெத் பாதையும், கிழக்கு லண்டனில் ஓடும் டிஎல்ஆர் ரயிலும் முழுக்கவே படி இல்லாதவை. எல்லா பஸ்ஸிலும் சரிவுப்பலகை உண்டு. வயதானவர்களோடு வந்தால் பஸ்ஸையும் எலிசபெத்தையும் வைத்தே நாளை ஓட்டலாம்.

கோடையில் வருகிறீர்கள் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. சென்ட்ரல், பேக்கர்லூ பாதைகளில் ஏசி இல்லை. சுரங்கத்தில் வெக்கை அப்படியே தங்கி நிற்கும். சென்னை வெயிலைப் பார்த்த எங்கள் அப்பாவே சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

நிலையங்களில் கழிப்பறை இருக்குமா?

நடுநகரில் பெரும்பாலும் இருக்காது. கிங்ஸ் கிராஸ், வாட்டர்லூ மாதிரி பெரிய ரயில் நிலையங்களில் உண்டு. அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வரும்போதே போய்விட்டு வாருங்கள்.

ராத்திரி எத்தனை மணிவரை ஓடும்?

வார நாட்களில் நள்ளிரவைத் தாண்டிக் கொஞ்ச நேரம். ஞாயிறு இன்னும் முன்னதாகவே முடிந்துவிடும். வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் விக்டோரியா, ஜூபிலி பாதைகளும், சென்ட்ரல், நார்தர்ன், பிக்கடிலி பாதைகளின் பெரும்பகுதியும் விடிய விடிய ஓடும். மற்ற இரவுகளில் 'N' என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் இரவு பஸ்கள் இருக்கின்றன.

டிசம்பர் 25 அன்று டியூபும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. குறைவாக ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள், முழுக்கவே நின்றுவிடும். பொங்கல் அன்று ஊரில் பஸ் ஓடாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிறிஸ்துமஸ் நாளில் விமானம் வைத்திருப்பவர்கள் வாடகை வண்டியை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சாதாரண வார இறுதிகளிலும் தண்டவாள வேலை என்று ஏதாவது ஒரு பாதையை மூடுவார்கள். சனிக்கிழமை காலையில் லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் 'டிஎஃப்எல் கோ' ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டுங்கள்.

தட்ட மறந்துவிட்டால்?

கதவு திறந்தே கிடந்தாலும், கதவே இல்லாத டிஎல்ஆர் நிலையமாக இருந்தாலும், மஞ்சள் வட்டத்தைத் தேடித் தட்டுங்கள். ஒரு முனையில் தட்டாவிட்டால் அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள், அது நாள் வரம்பிலும் சேராது. ஏறும்போதே தட்டாமல் போய்ப் பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம் 100 பவுண்டு. 21 நாட்களுக்குள் கட்டினால் பாதி. "ஊருக்குப் புதுசு" என்ற பதிலை அவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

ரயிலுக்குள் தெரிந்துகொள்ள வேண்டிய பழக்கவழக்கம் ஏதாவது உண்டா?

எஸ்கலேட்டரில் வலது பக்கம் நில்லுங்கள், இடது பக்கம் நடப்பவர்களுக்கு. இந்த ஒன்றை மீறினால்தான் லண்டன்காரர் வாய் திறப்பார். மற்றபடி ரயிலில் எல்லோரும் ஊமைபோல உட்கார்ந்திருப்பார்கள். யாரும் கோபமாக இல்லை, அதுதான் வழக்கம்.

கதவு திறக்கும்போது இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் "மைண்ட் த கேப்" குரல் கேட்கும். எம்பாங்க்மென்ட் நிலையத்தில், நார்தர்ன் பாதையில் வடக்கே போகும் பிளாட்பாரத்தில் மட்டும் அந்தக் குரல் வேறு. ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகர் பல பத்தாண்டுகளுக்கு முன் பேசிப் பதிந்தது. அவர் 2007இல் இறந்துபோனார். அவர் மனைவி அந்தக் குரலைக் கேட்பதற்காகவே அந்த பிளாட்பாரத்தில் போய் உட்காருவாராம். 2012இல் புதிய பதிவு வந்து அந்தக் குரல் நின்றுபோனது. அவர் கேட்டுக்கொண்டதும், 2013இல் அந்த ஒரு பிளாட்பாரத்துக்கு மட்டும் பழைய குரலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தப் பக்கம் போனால் ஒரு ரயிலை விட்டுவிட்டு நின்று கேளுங்கள்.

நாலு நாளில் நாக்கு செத்துவிடும். தோசை, கோயில், மளிகைக்கு எங்கே போவது?

கிழக்கே ஈஸ்ட் ஹாம். பச்சை நிற டிஸ்ட்ரிக்ட் பாதையில் இறங்கி வெளியே வந்தால் ஹை ஸ்ட்ரீட் நார்த்; மகாலட்சுமி கோயில் அந்தத் தெருவிலேயே இருக்கிறது. முருகன் கோயிலுக்கு அங்கிருந்து வடக்கே சர்ச் ரோட்டுக்கு நடக்க வேண்டும், அல்லது எலிசபெத் பாதையில் மேனர் பார்க் நிலையத்தில் இறங்கலாம். தெற்கே டூட்டிங், நார்தர்ன் பாதையில். டூட்டிங் பெக், டூட்டிங் பிராட்வே இரண்டு நிலையங்களுக்கும் இடையே நடந்தாலே ஈழத்துக் கடைகளும் தென்னிந்திய உணவகங்களும் வரிசையாக வரும். வடக்கே ஹைகேட் முருகன் கோயிலுக்கு ஆர்ச்வேயில் இறங்கி ஒரு மேடு ஏற வேண்டும், முட்டி வலி உள்ளவர்கள் அங்கிருந்து பஸ் பிடியுங்கள். மேற்கே வெஸ்ட் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் கோயில் எலிசபெத் பாதையில் வருகிறது. ஆல்பர்டனுக்கும் வெம்பிளி சென்ட்ரலுக்கும் நடுவிலுள்ள ஈலிங் ரோட்டில் முருங்கைக்காய் முதல் வெற்றிலை வரை கிடைக்கும்.

இவற்றில் சில மூன்றாவது, நாலாவது ஸோனில் இருப்பதால் அன்றைக்கு வரம்பு கொஞ்சம் கூடும். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் மளிகைப் பை இருக்கும், கார்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.